நேர்காணலுக்குத் தயாராவது என்றால் எதற்குத் தயாராவது?

மைசூரு ஹெப்பாள் பகுதியிலுள்ள இன்ஃபோசிஸ் வளாகம். 2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. பயிற்சியில் இருந்த இளைஞர்களைக் குழுக் குழுவாக அழைக்கிறார்கள். மூன்று வாய்ப்பிலும் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேறாதவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் பெயர் இருந்தால் ஒரு கடிதம், அதன் கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னதாகப் பயிற்சியில் இருந்தவர்கள் செய்தியாளர்களிடம் கூறினார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் 300-க்குச் சற்று மேல் என்றது நிறுவனம். எழுநூறு பேர் வரை இருக்கும் என்றது நைட்ஸ் என்ற தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு. ஏப்ரலில் இன்னும் 240 பேருக்கு மேல் போனார்கள்.

இவர்களில் பலர் 2022-இல் பொறியியல் முடித்தவர்கள். ஆப்டிட்யூட் தேர்வு, டெக்னிக்கல் ரவுண்டு, ஹெச்.ஆர். ரவுண்டு என்று எல்லாப் படியும் ஏறி ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள். வீட்டில் இனிப்பு கொடுத்து, உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிறகு சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின், 2024-இன் கடைசி மாதங்களில்தான் மைசூருவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. வந்து சில மாதங்களில் வெளியே. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 'மைசூர் ட்ரெய்னிங்' என்பது ஓர் ஆசைச் சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. அதனால் இந்தச் செய்தி சேலத்திலும் திருநெல்வேலியிலும் ஏற்படுத்திய கலக்கம் மைசூருவில் ஏற்படுத்தியதற்குக் குறைவில்லை.

கலக்கத்துக்கு நடுவே ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விட்டது. நேர்காணலில் வென்றவர்கள்தானே இவர்கள்? அந்த நேர்காணல் எதை அளந்தது? வேலைக்கு வேண்டிய திறனை அது அளந்திருந்தால் சில மாதப் பயிற்சியில் இத்தனை பேர் தவறியிருக்கக் கூடாது. அளக்கவில்லை என்றால், அதற்காகவே மூன்றாம் ஆண்டிலிருந்து பணமும் பொழுதும் கொட்டித் தயாராகும் இலட்சக்கணக்கான மாணவர்கள் எதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்? கைகுலுக்கும் விதம், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு ஒன்றரை நிமிட ஒப்பிப்பு, 'உங்கள் பலவீனம் என்ன?' என்பதற்குப் பலம் போலவே தோன்றும் ஒரு பலவீனம். நேர்காணல் பயிற்சி என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். இந்தத் தயாரிப்பு தவறான இடத்தில் உழைப்பைக் கொட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். செய்த வேலையைக் காட்டத் தயாராவதும், தரப்படும் வேலையை விசாரிக்கத் தயாராவதுமே நேர்காணலுக்கான உண்மையான தயாரிப்பு.

இந்த ஊருக்குப் பழைய கேள்வி

யாரை வேலைக்கு எடுப்பது, எதைக் கொண்டு அளப்பது என்ற சர்ச்சை மைசூருவுக்குப் புதிதல்ல. சமஸ்தானக் காலத்திலேயே சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு வந்துவிட்டது. தேர்வு பொதுவானதுதான், ஆனால் படிக்கும் வாய்ப்பு பொதுவாக இல்லாததால் பதவிகள் சில சமூகங்களிடமே குவிந்தன. 1918-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் அமைத்த குழு அந்தக் குறையை ஆராய்ந்து, பிற்படுத்தப்பட்ட சமூகங்களுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று நூறாண்டுக்கு முன்பே ஓர் அரசு இங்கே தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. நேர்காணல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் மைசூரு மாநிலத்திலிருந்துதான்.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: நீதிமன்றத்தில் நேர்காணல்

பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 25 சதவீதம் மதிப்பெண் ஒதுக்கியது அன்றைய மைசூரு மாநில அரசு. அதை எதிர்த்த சித்ரலேகா வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் அரசின் முறை செல்லும் என்றது. நீதிபதி முதோல்கர் மட்டும் மாறுபட்டார். பதினாறு ஆண்டு கழித்து, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் காற்று திசை மாறியது. அங்கே 150 மதிப்பெண்ணில் 50 நேர்காணலுக்கு. ஒருவருக்குக் கிடைத்ததோ இரண்டு மூன்று நிமிடம். 15 சதவீதத்துக்கு மேல் போவது தன்னிச்சையானது என்ற நீதிமன்றம், நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. மத்திய அரசின் கெஜட்டட் அல்லாத பி பிரிவு, சி பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு உண்டு.
━━━━━━━━━━

கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் நேர்காணலின் இடம் இப்படிச் சுருங்கிக்கொண்டே வந்தது. தனியார் துறையில் அதற்குக் கடிவாளம் இல்லை. அங்கே அறைக்குள் நடப்பதே முடிவு.

பத்து நிமிடப் பழக்கம்

நேர்காணலில் ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. அதைச் சோதித்த ஆய்வுகள் நிறைய. 1979-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் கட்டளையிட்டது. நல்லவர்களெல்லாம் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். நேர்காணலுக்குப் பின் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டவர்களிலிருந்தே 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. படிப்பு முடிந்து மருத்துவப் பயிற்சிக் காலமும் ஓடிய பின் பார்த்தால், முதலில் தேர்வானவர்களுக்கும் கடைசியில் வந்தவர்களுக்கும் தரத்தில் வேறுபாடு இல்லை. இன்னொரு சோதனை 2013-இல் வெளியானது. மாணவர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் எத்தனை மதிப்பெண் எடுப்பார்கள் என்று கணிக்க வேண்டும். சிலரைப் பேட்டி காண்பவருக்குத் தெரியாமல், தாறுமாறாகப் பதில் சொல்லும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பேட்டி கண்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எதிரே இருப்பவரைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்ற நிறைவும் அவர்களுக்குக் குறையவில்லை. பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இதைவிடச் சரியாக வந்திருக்கும்.

இதிலிருந்து நேர்காணலே வீண் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. எந்த நேர்காணல் என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்க உளவியலாளர் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி மறுகணக்குப் போட்டார்கள். தேர்வு முறைக்கும் பின்னர் வேலையில் காட்டும் திறனுக்கும் தொடர்பே இல்லையென்றால் 0, முழுப் பொருத்தம் என்றால் 1. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்குக் கிடைத்தது 0.19. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுப்படி மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42. அவர்கள் பார்த்த முறைகளிலேயே இதுதான் முதலிடம். பணி அறிவுத் தேர்வு 0.40 பெற்று அதன் பக்கத்தில் நிற்கிறது. ஆக, அதே அறை, அதே மேசை, அதே மனிதர்கள். கேள்வி வேலையைப் பற்றியதாக இருந்தால் பலன் இரட்டிப்பாகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு இது ஒரு பாடம். வேலை தேடுபவருக்கோ, எதைத் தயார் செய்வது என்பதற்கான நேரடியான குறிப்பு.

இரண்டாவது கேள்வி

வேலையைப் பற்றிய கேள்வி எப்படி இருக்கும்? 'அழுத்தத்தைத் தாங்குவீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் தாங்குவோம் என்றுதான் சொல்வார்கள். 'கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்த ஒரு வேலையில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் சம்பவம் ஒன்று வேண்டும். சூழல், உங்கள் பங்கு, நீங்கள் செய்தது, அதன் விளைவு என்று நாலும் அதில் இருக்க வேண்டும். பயிற்றுநர்கள் இந்த நாலையும் சூத்திரமாகச் சொல்லித் தருகிறார்கள். மாணவர்கள் அதற்கேற்ற கதையை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்கு அது தாங்கும். 'அந்த முடிவை ஏன் எடுத்தீர்கள்? வேறு வழி என்னென்ன இருந்தது?' என்று இரண்டாவது கேள்வி வரும்போது, வாழாத கதையில் பதில் இருக்காது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் இதற்குச் சரியான இடம். பணம் கொடுத்தால் ரிப்போர்ட், கோடு, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாவற்றையும் கட்டிக்கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மலிந்து கிடக்கின்றன. ரெஸ்யூமில் முதல் வரியாக நிற்கும் அந்த ப்ராஜெக்டைப் பற்றித்தான் டெக்னிக்கல் ரவுண்டில் முதலில் கேட்பார்கள். எந்தத் தரவுத்தளம், ஏன் அது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே தடுமாறும்? விலைக்கு வாங்கியவர் இங்கேயே நின்றுவிடுகிறார். சின்னதாக, அரைகுறையாகவே இருந்தாலும் தன் கையால் ஒன்றைச் செய்தவரிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும். எது ஓடவில்லை என்பதும் அவருக்குத்தான் தெரியும். 'நாங்கள் செய்தோம்' என்று பேசுபவரிடம் 'அதில் நீங்கள் செய்தது எது?' என்று கேட்பது நல்ல நேர்காணலாளரின் வழக்கம். ஆகவே ஐந்தாறு உண்மையான சம்பவங்களை, தோற்றது ஒன்றிரண்டையும் சேர்த்து, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை அறிவிப்பில் கேட்டிருக்கும் ஒவ்வொரு திறனுக்கும் அவற்றில் எது சான்று என்று பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, இரண்டாவது மூன்றாவது கேள்விகளைக் கேட்கச் சொல்ல வேண்டும். ஒப்பிப்பதைவிட இதற்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். பயிற்சிக் காலத் தேர்விலும் கைகொடுப்பது இந்த உழைப்புதான். ஒப்பித்ததோ அறையைவிட்டு வெளியே வந்ததுமே தீர்ந்துபோகும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது இன்னும் அவசியமாகிவிட்டது. ஆன்லைன் நேர்காணலில் திரையின் ஓரத்தில் பதில் ஓட, அதைப் பார்த்துப் படிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு சுற்றாவது நேரில் நடக்க வேண்டும் என்று கூகுள் முடிவெடுத்திருப்பதை 2025-இல் அதன் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சையே சொன்னார். வழவழப்பான பதிலை இயந்திரம் இலவசமாகத் தரும் காலத்தில், வழவழப்புக்கு இனி என்ன மதிப்பு இருக்க முடியும்?

'அப்பா என்ன செய்கிறார்?'

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 'வேலையைக் காட்டு என்று எழுதுவது சுலபம். அறைக்குள் நடப்பது வேறு. ஆங்கிலம் சரளமாக வருகிறதா, பார்க்க எப்படி இருக்கிறான், எந்த ஊர், என்ன குடும்பம் என்றுதானே பார்க்கிறார்கள்?' மறுப்பில் உண்மை இருக்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆள் எடுக்கும் மேலாளர்களிடம் பேசிப் பார்த்தபோது, தகுதி ஒன்றே முக்கியம் என்றவர்களே குடும்பப் பின்னணியை விசாரிப்பது இன்றியமையாதது என்றும் சொன்னார்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அந்தக் கேள்விதான், முதல் தலைமுறைப் பட்டதாரியை நாற்காலியில் உட்கார்ந்த கணத்திலேயே பின்னுக்குத் தள்ளுகிறது.

அதற்காகப் பாவனையைப் பழக்குவது தீர்வாகாது. உடை, உச்சரிப்பு, மிடுக்கு என்ற களத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இருபதாண்டு முன்னிலை இருக்கிறது; ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. செய்த வேலையைப் பற்றிய பேச்சில் அந்த முன்னிலை சிறுத்துவிடும். தான் எழுதிய நிரலைப் பற்றிப் பேசும்போது இலக்கணம் தவறினாலும் பொருள் தவறாது. கேட்பவருக்கும் அது புலப்படும். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, பேச்சைத் தன் வேலையின் பக்கம் திருப்பப் பழகிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தன் துறையைப் பற்றித் தடுமாறாமல் பேசும் அளவு ஆங்கிலம் தனியார் வேலைக்குத் தேவை. மைசூருவில் வாடிக்கையாளரோடு பழகும் வேலை என்றால் கன்னடமும் தேவை. தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் ஒதுக்கும் மசோதாவைக் கர்நாடக அரசு 2024 ஜூலையில் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. ஆனாலும் மொழி பற்றிய எதிர்பார்ப்பு அதோடு போய்விடவில்லை. இந்த ஊரில் பிழைக்க வரும் தமிழ் இளைஞர்கள் கன்னடத்தைச் சுமையாகக் கருதாமல் கற்றுக்கொள்வது நியாயமும்கூட. ஆனால் மொழித் திறன் வேறு, அறிவுத் திறன் வேறு. குடிமைப் பணி நேர்காணலையே மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழில் சந்திக்கலாம் என்ற விதி நாட்டில் இருக்கிறது. மாவட்டத்தை ஆளப்போகிறவருக்குத் தரும் அந்த நியாயம், சோதனைப் பொறியாளர் வேலைக்கு வருபவருக்கு ஏன் துளியும் இல்லை என்று கேட்கத்தான் வேண்டும்.

நிறுவனத்தின் பக்கம்

இன்ஃபோசிஸ் தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மைசூருப் பயிற்சி மையம் 2005-இல் தொடங்கியது. 2009-இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கிப் படிக்கும் இடம் அது. கல்லூரி சொல்லித் தராததைத் தன் செலவில் சொல்லித் தருகிறது நிறுவனம். மூன்று வாய்ப்பு, தேறாவிட்டால் வெளியேறல் என்ற விதி இருபதாண்டுக்கு மேலாக இருக்கிறது, ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறது என்றார்கள். பின்னர் ஒரு மாத ஊதியத்துக்கு நிகரான தொகை, வேறு பணிக்கான பயிற்சி, வேலை தேட உதவி ஆகியவற்றையும் அறிவித்தார்கள். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கேட்டுக்கொண்டதன் பேரில் மாநிலத் தொழிலாளர் துறை அதிகாரிகள் விசாரித்தார்கள். பயிற்சி பெறுபவர்கள் என்ற நிலையில் இருந்தவர்கள் என்பதால் சட்டமீறல் இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததாகவே செய்திகள் கூறின.

சட்டப்படி சரி என்பதால் நியாயக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஆளைப் பிழையாக எடைபோட்டதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. அதற்கான விலையை மட்டும் பெரும்பாலும் ஒரு தரப்பே கொடுத்தது. காத்திருந்த இரண்டாண்டில் அந்த இளைஞர்கள் படித்தது மறந்துபோயிருக்கும். வேறு வாய்ப்புகளை உதறியிருப்பார்கள். ரெஸ்யூமில் விழுந்த இடைவெளியை அடுத்த நேர்காணலில் அவர்களே விளக்கியாக வேண்டும். நிறுவனத்துக்குப் போனது சில மாத உதவித்தொகையும் பயிற்சிச் செலவும். 2021-22 நிதியாண்டில் 85,000 புதியவர்களை வாரி எடுத்த இன்ஃபோசிஸ், தேவை சரிந்த பின் 2023-24-இல் 12,000 பேரைக்கூட எடுக்கவில்லை. இப்படிக் கூட்டமாக எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் வேலையைப் பற்றி ஆழமாகக் கேட்க நேரம் ஒதுக்குவதில்லை. முன்னால் மிச்சப்படுத்திய அந்த நேரத்துக்கான விலைதான் பின்னால் மூன்று தேர்வுகளாக வந்து நிற்கிறது. பயிற்சிக் காலத் தேர்வு எப்படி இருக்கும், எத்தனை சதவீதம் வேண்டும் என்பதை ஆஃபர் லெட்டரோடே தெளிவாகக் கொடுத்து, அதே பாடத்திலிருந்து நேர்காணலிலும் கேட்டால், தேற முடியாதவர் கல்லூரியிலேயே தெரிந்துகொள்வார். திருத்திக்கொள்ள அங்கே அவகாசம் உண்டு.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: கையெழுத்துக்கு முன்

கடிதத்தில் உங்களை ஊழியர் என்று சொல்லியிருக்கிறதா, ட்ரெய்னி என்றா, அப்ரெண்டிஸ் என்றா? 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் வருபவரைச் சட்டம் பயிற்சி பெறுபவராகவே பார்க்கிறது. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. உள்மதிப்பீடு உண்டா, எத்தனை வாய்ப்பு, தவறினால் என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேரும் தேதி இல்லாத கடிதத்தை நம்பி மற்ற வாய்ப்புகளை விடாதீர்கள். ஆண்டுச் சம்பளமாகச் சொல்லும் சி.டி.சி. தொகையில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி, செயல்திறனைப் பொறுத்த ஊதியம் எல்லாம் அடங்கியிருக்கலாம். மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பாண்டு இருந்தால் காலத்தையும் தொகையையும் பாருங்கள். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 இலட்ச ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; அதே வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஊழியருக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தது.
━━━━━━━━━━

கேட்கும் உரிமை

வேலை கிடைப்பதே அரிதாக இருக்கும்போது இத்தனை கேள்வி கேட்டால் எடுப்பார்களா என்ற அச்சம் நியாயமானது. கூட்ட நேர்காணலில் பேரம் பேச இடமில்லை என்பதும் உண்மை. ஆனால் கேட்பது வேறு, பேரம் வேறு. 'கேள்வி ஏதாவது உண்டா?' என்று கடைசியில் அவர்களே கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் 'இல்லை சார்' என்று எழுந்துவிடுகிறார்கள். பயிற்சியில் என்ன பாடம், சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் எந்த வேலை, அதை எப்படி மதிப்பிடுவீர்கள் என்று பணிவாகக் கேட்பவர் வேலையைப் பற்றி யோசித்து வந்திருக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறார். அறையில் கேட்கத் தயக்கமாக இருந்தால் கடிதம் வந்தபின் மின்னஞ்சலில் கேட்கலாம். தனி மாணவரால் கேட்க முடியாததைக் கல்லூரி கேட்கலாம். மைசூருவில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி படித்த என்.ஐ.இ. இருக்கிறது, எஸ்.ஜே.சி.இ. இருக்கிறது, இன்னும் பல பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆள் தேடி வரும் வாசல்கள் இவை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இதைப் போலப் பல மடங்கு. இந்தக் கல்லூரிகளின் ப்ளேஸ்மெண்ட் செல்கள் ஒன்றுசேர்ந்து, சேரும் தேதியும் பயிற்சித் தேர்வு விதிகளும் இல்லாத ஆஃபரைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று சொன்னால், எந்தப் பெரிய நிறுவனமும் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அவர்கள் ஏன் சொல்வதில்லை என்பதும் தெரிந்ததுதான். ஆஃபர் கிடைத்ததுமே கல்லூரியின் கணக்கு முடிந்துவிடுகிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுத்தரச் சம்பளம் எவ்வளவு என்று என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை கேட்கிறது, நுழைவாயிலின் ஃப்ளெக்ஸ் பலகையும் அதையே பெரிய எழுத்தில் போடுகிறது. 2022-இல் ஆஃபர் வாங்கி, 2024-இல் சேர்ந்து, 2025 பிப்ரவரியில் வெளியேறியவர் இந்தக் கணக்கில் இன்னும் வெற்றி பெற்றவராகவே இருக்கக்கூடும். சேர்ந்தவர் எத்தனை, எத்தனை மாதக் காத்திருப்புக்குப் பின் சேர்ந்தார், ஓராண்டு முடிவில் வேலையில் இருப்பவர் எத்தனை என்று மூன்று நெடுவரிசைகளை அந்தப் படிவத்தில் சேர்க்கக் கல்வி அமைச்சகத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஆண்டு அட்மிஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர், ப்ளேஸ்மெண்ட் அதிகாரியிடம் அந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்கலாம்.